பிளஸ் ஒன் பையன் ஐபோன் கேட்கிறான்: ‘நோ காஸ்ட்’ தவணையா, செகண்ட் ஹேண்டா?

பவானிக்காரி

மகன் பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கையில் இருப்பது நாலு வருஷப் பழைய ஆண்ட்ராய்டு, 64 ஜிபி. வாட்ஸ்அப் வீடியோவுக்கே இடம் பத்தறதில்லை. கேட்பது ஐபோன், கிளாஸ்ல பாதிப் பேர்கிட்ட இருக்காம். வீட்டுக்கு மாசம் 46,000 வருது. வாடகை, ஸ்கூல் ஃபீஸ், வண்டித் தவணை, மகளிர் குழுத் தவணை எல்லாம் போக நிற்பது ஆறாயிரமோ ஏழாயிரமோ. ஷோரூமில் போன் விலை 60,000. “நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 5,000, பன்னிரண்டு மாசம், வட்டியே கிடையாது”ங்கிறாங்க. மாசம் 2,500 வீதம் 24 மாசமும் உண்டாம்.

விவரம் தெரிஞ்சவங்ககிட்ட மூணு கேள்வி. வட்டியே இல்லாம கடன் கொடுக்கிறவங்களுக்கு என்ன லாபம்? எங்க அளவு வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைங்க கையில இவ்வளவு விலைப் போன் எப்படித்தான் வருது? செகண்ட் ஹேண்ட் வாங்கினா எதையெல்லாம் பார்க்கணும்? “வாங்கிக் கொடுக்காதீங்க”ன்னு மட்டும் எழுத வேண்டாம், அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்காங்க.

வட்டிக்கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் என் பதில். செகண்ட் ஹேண்ட் பற்றிக் கடைக்காரர்கள் யாராவது சொல்லட்டும்.

வட்டியில்லாக் கடன் என்று எதுவும் கிடையாது. 2013-லேயே ரிசர்வ் வங்கி இந்தப் பூஜ்ஜிய வட்டித் திட்டங்களைக் கண்டித்து வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டியை யாரோ ஒருவர் கட்டத்தான் செய்கிறார். ‘நோ காஸ்ட்’ என்றால், வட்டித் தொகையை போன் கம்பெனியோ கடையோ தள்ளுபடியாக விட்டுக்கொடுக்கிறது என்று அர்த்தம். ரொக்கமாக வாங்கினால் அந்தத் தள்ளுபடி உங்களுக்கு வந்திருக்க வேண்டியது. கடையின் விளம்பர நோட்டீஸில் இல்லாத விஷயம் இதுதான்.

கிரெடிட் கார்டு தவணையில் கணக்கு இப்படி ஓடும். போன் 60,000, பன்னிரண்டு மாதம், கார்டு வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 வர வேண்டும் என்றால் வங்கி 55,397 ரூபாயைத்தான் அசலாகப் பிடிக்கும். மீதி 4,603 வட்டி. அதைக் கடை தள்ளுபடியாகக் காட்டிவிடும், சரிக்குச் சரி ஆகிவிடும். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது 829 ரூபாய். பிராசசிங் ஃபீ 199 என்றால் ஜிஎஸ்டியோடு 235. ஆக 1,064 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். இதுவரை பெரிய தொகை இல்லை.

இப்போது அதே கடையில் “ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்” என்று கேளுங்கள். 4,000 குறைக்கிறார் என்றால் போனின் உண்மை விலை 56,000. தவணையில் நீங்கள் கட்டப்போவது 61,064. வித்தியாசம் 5,064. ஆண்டு வட்டியாகப் பார்த்தால் ஏறத்தாழ 16 சதவீதம். இதுதான் உங்கள் ‘நோ காஸ்ட்’டின் காஸ்ட்.

கார்டு இல்லாதவர்களுக்கு ஷோரூமில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரர் கடன் கொடுப்பார். அங்கே இரண்டு விஷயத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒன்று, ‘ஃபிளாட்’ வட்டி. மாதம் ஒன்றரை சதவீதம்தான் என்பார். 60,000-க்கு ஒரு வருடத்தில் 10,800 வட்டி, மாதத் தவணை 5,900. பதினெட்டு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வர, வட்டியை மட்டும் முதல் நாள் அசலுக்கே போட்டுக்கொண்டு போவதால் உண்மையான வட்டி 32 சதவீதத்தைத் தொடுகிறது. இரண்டாவது, கடன் தொகைக்குள் சத்தமில்லாமல் ஏறும் சில்லறைகள்: எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஸ்கிரீன் இன்ஷூரன்ஸ், ஏதோ மெம்பர்ஷிப். பில்லில் போன் விலையும் கடன் தாளில் அசல் தொகையும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்’ என்ற தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் ஏபிஆர் என்று ஒரு வரி இருக்கும். வட்டி, ஃபீஸ் எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு அது. ஓடிபி சொல்வதற்கு முன்னால் அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பாருங்கள். ஆனால் அதிலும் நீங்கள் இழந்த ரொக்கத் தள்ளுபடி வராது. கடன் கொடுப்பவர் கணக்கில் போன் விலை 60,000-தான். அந்தக் கழித்தலை நீங்களேதான் போட வேண்டும்.

பாத்திரக்கடை_மாமா

சகோதரி கேட்ட இரண்டாவது கேள்விக்கு. அந்தப் பாதிப் பேர் வீட்டிலும் 60,000 ரொக்கமாக எண்ணிக் கொடுத்திருக்க மாட்டார்கள். வழிகள் ஐந்தாறு இருக்கின்றன: தவணை, எக்ஸ்சேஞ்ச், அப்பாவோ அக்காவோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது, வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் கொண்டுவந்தது, செகண்ட் ஹேண்ட், நகைக்கடன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே ஆப்பிள்தான். கவருக்குள் இருப்பது ஐபோன் 12-ஆ 16-ஆ என்று பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும்தான் தெரியும்.

நகைக்கடன் பற்றி ஒரு வார்த்தை. ஷோரூம் ஃபைனான்ஸைவிட வங்கி நகைக்கடன் வட்டி குறைவு, அதில் சந்தேகமில்லை. சிக்கல் என்னவென்றால் மாதத் தவணை கட்டாயம் இல்லாத திட்டத்தில் யாரும் மாதாமாதம் கட்டுவதில்லை. பத்து சதவீதம் என்றாலும் 60,000-க்கு வருடம் 6,000 சேர்ந்துவிடும், அசல் அப்படியே நிற்கும். அடுத்த வருடம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பார்கள். போன் பழசாகி விலை பாதியாகும்போது நகை இன்னும் வங்கியில்தான் இருக்கும். நகைக்கடன்தான் என்று முடிவெடுத்தால் மாதம் 5,000 அசலில் வரவு வைக்கச் சொல்லி ரசீது வாங்குங்கள். பெரும்பாலான வங்கிகள் பகுதிப் பணத்தை வாங்கிக்கொள்ளும்.

வெளிநாட்டிலிருந்து வரும் போனில் பார்க்க வேண்டியது: அமெரிக்காவில் விற்கும் போன்களில் ஐபோன் 14 முதல் சிம் போடும் இடமே இல்லை, இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) மட்டும்தான். ஜப்பான் போனில் கேமரா சத்தத்தை நிறுத்த முடியாமல் போகலாம். மாடல் எண்ணின் கடைசியில் எச்என்/ஏ என்று இருந்தால் இந்தியாவுக்கு வந்தது, எல்எல்/ஏ அமெரிக்கா. வாரண்டி இங்கே செல்லுமா என்பதை வாங்குவதற்கு முன்பே சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுவது நல்லது.

பேனல்டெக்

செகண்ட் ஹேண்டுக்கு வர்றேன் அக்கா. கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

எந்த மாடல்ங்கிறதை முதல்ல முடிவு பண்ணுங்க. ஐபோனை ஓட்டற மென்பொருள் ஐஓஎஸ் 26 வந்தப்ப 2018-ல வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் ரெண்டையும் ஆப்பிள் அப்டேட்ல இருந்து கழற்றி விட்டுச்சு. அதுல 11-தான் கடைசி வரிசை. அதனால 11, 12 ரெண்டும் எவ்வளவு சல்லிசா வந்தாலும் பிளஸ் ஒன் பையனுக்கு வேண்டாம், காலேஜ் முடியறவரை தாங்காது. 12-ல இன்னொரு குறை, அடிப்படை மாடல் 64 ஜிபிதான். உங்க பையனோட இப்போதைய பிரச்சினையே அதுதானே. 13-ல இருந்து 128 ஜிபி. டைப் சி சார்ஜர் வேணும்னா 15-க்குப் போகணும், 14 வரைக்கும் ஆப்பிளோட பழைய லைட்னிங் பின்.

நேர்ல பார்க்கும்போது போன் ஆஃப்ல இருந்தா ஆன் பண்ணச் சொல்லுங்க. செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போனா மாடல் எண் தெரியும். அதோட முதல் எழுத்து எம்-னா புதுசா வித்தது, எஃப்-னா கம்பெனியே சரிபண்ணி மறுபடி வித்தது (ரீஃபர்பிஷ்டு), என்-னா சர்வீஸ்ல மாத்திக் கொடுத்தது. எஃப், என் ரெண்டும் மோசம்னு இல்லை, ஆனா புதுப்போன் கணக்குல விலை சொல்லக் கூடாது. அதே பக்கத்தைக் கீழே தள்ளினா ‘பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரி’ வரும். பேட்டரி, டிஸ்ப்ளே, கேமரா எதை மாத்தியிருந்தாலும் அங்க பேர் இருக்கும். ‘அன்நோன் பார்ட்’னு வந்தா காப்பி சாமானுன்னு வச்சுக்கங்க. அந்தப் பகுதியே வரலைன்னா பொதுவா எதையும் மாத்தலைன்னு அர்த்தம்.

பேட்டரி ஹெல்த்துதான் ஏமாத்து வேலை அதிகம் நடக்கிற இடம். மூணு வருஷப் போன்ல 100 சதவீதம் காட்டுதுன்னா சந்தோஷப்படாதீங்க. ஒண்ணு பேட்டரி மாத்தினது, இல்லை ‘பூஸ்ட்’ பண்ணினது. பூஸ்ட்னா பழைய செல்லை வச்சுக்கிட்டு நம்பரை மட்டும் ஏத்துறது. 14 வரைக்கும் உள்ள மாடல்கள் 500 தடவை முழுசா சார்ஜ் ஆனா 80 சதவீதம் நிற்கிற மாதிரி வடிவமைச்சது, 15-ல இருந்து 1,000 தடவை. ஒழுங்கா ஓடின ரெண்டரை வருஷப் போன் 82-ல இருந்து 88-க்குள்ள காட்டினா அதுதான் நம்பத்தக்க நம்பர். கடையில நிற்கும்போதே கேமராவைப் போட்டு பத்து நிமிஷம் வீடியோ எடுங்க. சார்ஜ் நாலஞ்சு சதவீதம் இறங்கினா சரி. 30-ல இருந்து திடீர்னு 18-க்குக் குதிச்சா பூஸ்ட் பண்ணின பேட்டரிதான்.

டிஸ்ப்ளே: மேல வலது மூலையில இருந்து இழுத்து, வெளிச்சக் கட்டையை அழுத்திப் பிடிங்க. ‘ட்ரூ டோன்’ பட்டன் வரணும். அது இல்லைன்னா வெளியில பேனல் மாத்தியிருக்காங்க. ஃபேஸ் ஐடியில உங்க முகத்தைப் புதுசா சேர்த்துப் பாருங்க, ஏற்கனவே இருக்கிற முகத்தை வச்சுக் காட்டுறது போதாது. ஃபேஸ் ஐடி போச்சுன்னா சாதாரணக் கடையில சரி பண்ண முடியாது. சிம் ட்ரேயை வெளிய எடுத்து உள்ள டார்ச் அடிங்க. தண்ணி பட்டா சிவப்பாகிற ஒட்டு ஒண்ணு உள்ளே இருக்கும். வெள்ளையா இருக்கணும்.

கடைசியா முக்கியமானது, பூட்டு. உங்க முன்னாடியே விக்கிறவர் தன்னோட ஆப்பிள் அக்கவுண்ட்ல இருந்து வெளியேறி, ‘எரேஸ் ஆல் கண்டென்ட்’ கொடுத்து, போன் ஹலோ திரைக்கு வந்து, உங்க வைஃபையில புதுசா செட் ஆகி ஹோம் ஸ்கிரீன் வரைக்கும் வரணும். நடுவுல பழைய ஓனரோட பாஸ்வேர்ட் கேட்டா ஐக்ளவுட் லாக். ‘ரிமோட் மேனேஜ்மெண்ட்’னு வந்தா ஏதோ கம்பெனி தன் ஊழியருக்குக் கொடுத்த போன், என்னைக்கு வேணா பூட்டிக்கும். ரெண்டுல எது வந்தாலும் பணத்தைப் பையிலேயே வச்சுக்கிட்டுத் திரும்புங்க. ஹோம் ஸ்கிரீன் வராம ஒரு ரூபாய்கூட ஜிபே பண்ணாதீங்க.

திருட்டுப் போனான்னு பார்க்க: *#06# போட்டா போனோட அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ வரும். பாக்ஸ், பில், திரை மூணுலயும் ஒரே நம்பர் இருக்கணும். அப்புறம் கேஒய்எம்னு ஆங்கிலத்துல அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. ‘பிளாக்லிஸ்டட்’னு பதில் வந்தா தொடவே தொடாதீங்க. மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துலயும் இதையே பார்க்கலாம்.

அரச்சலூர்_ஆறுமுகம்

கேட்டவர் மன்னிக்கணும், “வாங்காதீங்க”ன்னு சொல்ல வரலை. ஆனா பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ்னு எழுதியிருக்கீங்க. மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். ரெண்டையும் போனில் ஒழுங்காகக் கற்க முடியாது, அது எத்தனை ஆயிரத்துப் போனாக இருந்தாலும். அலுவலகங்களில் கழித்துவிட்ட லேட்டிட்யூட், திங்க்பேட் வகை லேப்டாப்புகள் 20,000-லிருந்து 25,000-க்குள் கிடைக்கின்றன. இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 பிராசஸருக்குக் கீழே வாங்க வேண்டாம், விண்டோஸ் 11 அதற்குக் கீழே முறையாக ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். ஹார்ட் டிஸ்க் போட்டதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அரசு லேப்டாப் வருமே என்று காத்திருக்கவும் வேண்டாம். 2011-ல் ஆரம்பித்த திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கிடைத்தது. 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது கல்லூரி மாணவர்களுக்கு.

60,000-ல் ஒரு நல்ல பழைய லேப்டாப்பும் 30,000 ரூபாய்க்குள் ஒரு போனும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். ஆண்ட்ராய்டிலும் இப்போது ஆயுள் நீண்டுவிட்டது. சாம்சங் ஏ36 போன்ற நடுத்தரப் போனுக்கே ஆறு வருட அப்டேட் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

பேனல்டெக்

@அரச்சலூர்_ஆறுமுகம் லேப்டாப் விஷயம் சரிங்க. ஆனா பதினாறு வயசுப் பையன் ஐபோன் கேக்கும்போது ஏ36-ஐ நீட்டினா வீட்டுல என்ன நடக்கும்னு கவுண்டர்ல நின்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியும். ஆறு மாசத்துல அதை எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டு வருவாங்க, பாதி விலைகூட வராது. ஐபோன் பழசானாலும் விலை மெதுவாத்தான் இறங்கும். ரெண்டு வருஷம் கழிச்சு விக்கறப்ப என்ன தேறும்ங்கிறதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும். நல்ல நிலைமையில ஒரு 13 எடுத்துட்டு மீதியில லேப்டாப் வாங்கினா ரெண்டு பக்கமும் சண்டை இல்லை.

பவானிக்காரி

எல்லாருக்கும் நன்றிங்க. வட்டிக்கணக்கு சார் சொன்னபடி ரொக்க விலை கேட்டேன். 4,000 குறைக்கிறாங்க, 56,000. தவணைக்கு இன்னொரு திட்டமும் சொன்னாங்க: மொத்தம் 12 தவணை, அதில் நாலு தவணையை இப்பவே கட்டிடணும், மீதி எட்டு மாசம். பிராசசிங் ஃபீ 799 பிளஸ் ஜிஎஸ்டி. சீக்கிரம் முடியும், அதனால வட்டி சுமை குறைவுன்னு சொன்னாங்க. சரிதானா? அப்புறம், கடன் பையன் பேர்லயே போட முடியுமா? அவன் பேர்ல ஒரு ரெக்கார்டு உருவாகட்டும்னு அவங்க அப்பா நினைக்கிறார்.

வட்டிக்கணக்கு

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பதினெட்டு வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. கடன் உங்கள் பெயரிலோ அவர் அப்பா பெயரிலோதான் வரும். சிபில் எனும் கடன் வரலாற்றுப் பதிவும் அங்கேதான் விழும். பையனுக்கு ஒரு ரெக்கார்டும் உருவாகாது.

இப்போது அந்த 12-க்கு 4 திட்டம். சீக்கிரம் முடிவதால் மலிவு என்று தோன்றுவது இயல்பு, கணக்கு நேர்மாறாகப் போகிறது. முதல் நாளே 20,000-மும் ஃபீஸ் 943-ம் கட்டுகிறீர்கள், ஆக 20,943. ரொக்க விலை 56,000-ல் இதைக் கழித்தால், உண்மையில் நீங்கள் வாங்கும் கடன் 35,057 மட்டுமே. திருப்பிக் கட்டுவது எட்டு மாதத்தில் 40,000. கூடுதலாகப் போவது 4,943. பன்னிரண்டு மாதத் திட்டத்தில் போன 5,064-க்கும் இதற்கும் ரூபாயில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே கடன் பெரியது, காலம் நீண்டது. இங்கே சின்னக் கடன், எட்டே மாதம். ஆண்டு வட்டியாகப் போட்டால் 36 சதவீதம் வருகிறது. கையில் 20,000 இருக்கும் வீடு இந்தத் திட்டத்தில் சேரவே கூடாது.

24 மாதத் திட்டத்தில் இருக்கும் ஆபத்து வேறு. பிளஸ் ஒன்னில் ஆகஸ்ட், செப்டம்பரில் ஆரம்பித்தால் இரண்டு வருடம் என்பது கல்லூரிச் சேர்க்கையைத் தாண்டிப் போகிறது. ஜூன், ஜூலையில் ஃபீஸ், ஹாஸ்டல் அட்வான்ஸ், பஸ் கட்டணம் எல்லாம் ஒன்றாக வரும் மாதங்களில் போன் தவணையும் ஓடிக்கொண்டிருக்கும். கல்விக்கடன் எடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை வெளி ஜாமீன் கேட்காவிட்டாலும் பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகச் சேர வேண்டும், வங்கி பார்ப்பது உங்கள் சிபிலை. 2025 முதல் கடன் விவரங்கள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிபிலுக்குப் போகின்றன. 2,500 ரூபாய்த் தவணை ஒன்று தவறினாலும் அது ரிப்போர்ட்டில் நிற்கும், மேனேஜர் கேட்பார்.

தவணை தவறுவது பெரும்பாலும் பணமில்லாமல் அல்ல, தேதி பொருந்தாமல். சம்பளம் ஏழாம் தேதி, ஆட்டோ டெபிட் இரண்டாம் தேதி என்றால் மாதாமாதம் பவுன்ஸ்தான். உங்கள் வங்கி ஒரு அபராதம் போடும், ஃபைனான்ஸ்காரர் தனியாக ஒன்று போடுவார். கையெழுத்துப் போடும்போதே தேதியைப் பத்துக்குப் பிறகு கேளுங்கள். அதோடு, தவணை கட்டாவிட்டால் போனையே பூட்டும் ஆப் எதையாவது ஏற்றுகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் ஏற்றியதுண்டு.

சேமிப்புக்காரி

அவசரம் இல்லைன்னா ஒரு வருஷம் தள்ளிப் போடற வழியும் இருக்கு. பையன்கிட்ட இதைக் கணக்காவே காட்டலாம்.

ஆப்பிள் ஒவ்வொரு செப்டம்பர்லயும் புது மாடல் விடும்போது பழசை இந்தியாவுல அதிகாரப்பூர்வமா குறைக்கும். 2024-ல ஐபோன் 15-ம், 2025-ல ஐபோன் 16-ம் 79,900-ல இருந்து 69,900-க்கு வந்துச்சு. அதுக்கு மேல ஆயுத பூஜை, தீபாவளி ஆன்லைன் விற்பனையில கார்டு தள்ளுபடி தனி. இப்ப வாங்க நினைக்கிற அதே போனுக்கு அடுத்த வருஷம் பத்தாயிரம் வரைக்கும் குறைய வாய்ப்பு உண்டு.

மாசம் 5,000 தவணை கட்ட முடியும்னா மாசம் 4,000 ஆர்டி (மாதச் சேமிப்பு) கட்டவும் முடியும். வங்கியில பன்னிரண்டு மாச ஆர்டி, ஆறரை சதவீதம்னா கையில சுமார் 49,700 வரும். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி இதுக்குச் சரிப்படாது, அது அஞ்சு வருஷத் திட்டம், மூணு வருஷத்துக்கு முன்னாடி மூட முடியாது. ஏலச்சீட்டு போடறதா இருந்தா 1982 சட்டப்படி பதிவான கம்பெனியா பாருங்க. நடத்தறவர் கழிவு 7 சதவீதம் வரை போகலாம், முன்னாடியே எடுத்தா ஏலத்துல விட்டுக்கொடுக்கிற தள்ளு அதிகம். போனுக்காகச் சீட்டை ரெண்டாம் மாசமே எடுக்கறது தவணைக் கடனைவிடக் கூடுதலா முடியும்.

ஐபோனுக்கு ஸ்டூடண்ட் டிஸ்கவுண்ட் கிடையாதுங்கிறதையும் சொல்லிடறேன். ஆப்பிளோட கல்விச் சலுகை மேக், ஐபேடுக்குத்தான், அதுவும் கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்.

வாங்கின பிறகு வர்ற செலவையும் இப்பவே எழுதி வைங்க. பாக்ஸ்ல சார்ஜர் கட்டை வராது, வயர் மட்டும்தான். 20 வாட் கட்டை கம்பெனிது சுமார் 2,000. கவரும் கிளாஸும் ஒரு ஆயிரம். 28 நாள் ரீசார்ஜ் வருஷத்துக்கு 12 இல்லை, 13 தடவை வரும், 350 ரூபாய்னா 4,550. ஆப்பிளோட ஆன்லைன் சேமிப்பான ஐக்ளவுட் இலவசம் 5 ஜிபிதான், ரெண்டு மாசத்துல நிரம்பும், 50 ஜிபிக்கு மாசம் 75. டிஸ்ப்ளே உடைஞ்சா அதிகாரப்பூர்வ சர்வீஸ்ல போன் விலையில கால்பங்குக்கு மேல போகும். அதனால புதுப்போன்னா இன்ஷூரன்ஸ் யோசிக்கலாம். கடைக்காரர் தர்ற பிளான்ல உடைஞ்ச எத்தனை நாளுக்குள்ள சொல்லணும், கழிவு எவ்வளவு பிடிப்பாங்கன்னு படிச்சுட்டு எடுங்க.

பாத்திரக்கடை_மாமா

போன் கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. சிம் உங்கள் பெயரில்தான் இருக்கும், பதினெட்டுக்குக் கீழே சிம் தரமாட்டார்கள். ஆனால் வங்கிக் கணக்கோடு இணைத்த நம்பரை அந்தப் போனில் போடாதீர்கள், ஓடிபி எல்லாம் அங்கே போகும். தனி நம்பர் எடுத்துக் கொடுங்கள். பையனுடைய ஆப்பிள் அக்கவுண்ட்டில் உண்மையான பிறந்த தேதியைப் போட்டு, உங்கள் ஃபேமிலி ஷேரிங்கில் சேருங்கள். உங்களையும் சேர்த்து ஆறு பேர் வரை சேரலாம். பெற்றோரிடமும் ஒரு ஆப்பிள் போன் இருந்தால்தான் இது சுலபம். பழையது ஒன்று இருந்தாலும் போதும். ‘ஆஸ்க் டு பை’ ஆன் செய்தால் கேமில் டைமண்ட் வாங்குவதற்கும் உங்கள் சம்மதம் கேட்டு வரும். போன் உபயோகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரீன் டைம் பாஸ்கோட், போனைத் திறக்கும் பாஸ்கோடாக இருக்கக் கூடாது.

கைச்செலவுக்கு யுபிஐ வேண்டும் என்பான். யுபிஐ சர்க்கிள் என்று 2024-ல் வந்தது. உங்கள் கணக்கிலிருந்தே, நீங்கள் வைக்கும் வரம்புக்குள் அவன் செலவு செய்யலாம். முழு அனுமதி கொடுத்தாலும் ஒரு தடவைக்கு 5,000, மாதத்துக்கு 15,000-க்கு மேல் போகாது. 500 என்று குறைத்தும் வைக்கலாம்.

பவானிக்காரி

பையனும் இதையெல்லாம் படிச்சான். 36 சதவீதக் கணக்கை அவனே கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தான். இப்போதைக்குப் பழைய லேப்டாப் ஒண்ணு, ஐபோன் 13 ஒண்ணுன்னு பேச்சு நடக்குது. பேனல்டெக் தம்பி, பேட்டரி 79 சதவீதம் இருக்கிற ஒரு 13 பில்லோட வருது, ஓனர் பக்கத்துத் தெரு. எடுக்கலாமா?

பேனல்டெக்

79-னா பேட்டரி மாத்தியே ஆகணும் அக்கா, ‘சர்வீஸ்’னு செட்டிங்ஸ்லயே எழுதியிருக்கும். அது குறை இல்லை, பேரம் பேச ஒரு பிடி. ஆப்பிள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணி 13-க்கு பேட்டரி மாத்த எவ்வளவுன்னு கேளுங்க, அந்தத் தொகையை அப்படியே விலையில கழிக்கச் சொல்லுங்க. பூஸ்ட் பண்ணின 100-ஐவிட நேர்மையான 79 மேல். ட்ரூ டோனும் ஃபேஸ் ஐடியும் சரியா இருந்து, பார்ட்ஸ் ஹிஸ்டரியில எதுவும் இல்லாம இருந்தா எடுக்கலாம். வாங்கின கையோட பில்லுக்குப் பின்னால “இந்த ஐஎம்இஐ உள்ள போனை இன்ன தேதியில் இன்ன விலைக்கு விற்றேன்”னு எழுதி ஓனர்கிட்டக் கையெழுத்து வாங்கிக்கங்க. பேட்டரி மாத்தறதுக்கு முன்னாடி, தொலைஞ்ச போனைத் தேடற ‘ஃபைண்ட் மை’ வசதியை ஆஃப் பண்ணச் சொல்வாங்க, பையனோட பாஸ்வேர்ட் கையில இருக்கட்டும்.